இறக்கிய கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கையேட்டைத் தமிழாக்கும் வேலை வந்தது. தாய்க்கோழிப் பண்ணைகளில் வேலை செய்பவர்களுக்கான கையேடு. சட்டம், சமையல், சர்க்கரை நோய் என்று எதை எதையோ மொழிபெயர்த்தவனுக்குக் கோழி என்ன பெரிய விஷயம் என்று ஒப்புக்கொண்டேன். பதினோராம் பக்கத்தில் கோழி என்னைக் கொத்தியது.

'ஹென் டே', 'ஹென் ஹவுஸ்டு' என்று இரண்டு சொற்கள். இரண்டுமே முட்டை உற்பத்தியை அளக்கும் கணக்குகள். முதலாவதை எப்படியோ சமாளித்துவிட்டேன். இரண்டாவது மசியவில்லை. 'வீட்டில் வைக்கப்பட்ட கோழி' என்று எழுதினால் செல்லப் பிராணி போல இருந்தது. 'குடியேற்றப்பட்ட கோழி' என்றால் அரசாங்க மறுவாழ்வுத் திட்டம் போல இருந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு வருகிற வியாதி எனக்கும் வந்தது. அகராதியைப் புரட்டினேன். விடு என்ற வினையிலிருந்து வந்தது வீடு. அறம், பொருள், இன்பத்துக்கு அப்பால் நான்காவதாக நிற்கிற விடுதலைக்கும் அதுதான் பெயர். கோழிப் பண்ணைக் கையேட்டில் இதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

வேறு வழியில்லாமல் ஊருக்கு ரயில் ஏறினேன். நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு, எங்கள் லைன் பிள்ளைகளில் பெரும்பாலோர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் ஆனார்கள். சிலர் மாவட்டத்தில் இருக்கும் கோழிப் பண்ணைகளுக்குப் போனார்கள். என் பள்ளித் தோழனின் தம்பி அப்படிப் போய், இப்போது ஒரு தாய்க்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கும் பூமி இது. வெயில் மூர்க்கமில்லை. 32, 33 டிகிரியைத் தாண்டினால் கோழிக்கு மூச்சு வாங்கும், தீனி குறையும், முட்டை ஓடு மெலியும். அதனால் தாய்க்கோழிக்கு இந்தச் சீமை தோது.

பண்ணைக்குள் நுழைவது அத்தனை சுலபமாக இல்லை. வாசலில் குளிக்கச் சொன்னார்கள். என் சட்டை, பேன்ட், கைக்கடிகாரம் எல்லாம் வெளியே நின்றன. அவர்கள் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துப் போனேன். "ஊருக்கு வந்ததும் நேரா இங்கதானே வந்தீங்க? அத்தை வீட்டுக் கோழியைத் தொடலையே?" என்று இரண்டு முறை கேட்டான் தம்பி. இங்கே வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. வெளிக்கோழியின் நோய் உள்ளே வந்தால் ஒரு ஷெட்டே காலியாகிவிடும். கோழி வேலை கிடைத்ததால் கோழியை விட்டுவிட்டாள் அவன் அம்மா.

என் சந்தேகத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டான். "இதுல இன்னா சார் இருக்குது? அது இருக்கிற கோழிக் கணக்கு. இது இறக்கின கோழிக் கணக்கு."

பண்ணைகளில் கோழியைக் கொண்டுவந்து ஷெட்டில் விடுவதை 'இறக்குவது' என்பார்கள். முட்டையிடும் பருவத்தில் 1,000 கோழிகளை இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் போகப் போக 150 செத்துவிட்டன. மிச்சம் 850. இன்றைக்குக் கிடைத்த முட்டை 680. இருக்கிற கோழிக் கணக்குப்படி 850க்கு 680. அதாவது 80 சதவிகிதம். இறக்கின கணக்குப்படி 1,000க்கு 680. அதாவது 68 சதவிகிதம். முட்டை அதே முட்டைதான். வகுக்கும் எண்தான் வேறு.

"முதல் கணக்கு உயிரோட இருக்கிற கோழி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லும். ரெண்டாவது கணக்கு நாம எப்படி வேலை செஞ்சோம்னு சொல்லும்" என்றான். நான்கு பக்கம் விளக்க வேண்டியதை ஒரு மூச்சில் முடித்துவிட்டான்.

அவன் பொறுப்பில் இருந்தவை கறிக்கோழிக் குஞ்சுகளுக்கான தாய்க்கோழிகள். சந்தை முட்டைக்கும் இந்த முட்டைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கடையில் விற்கும் முட்டை உடையாமல் இருந்தால் போதும். தாய்க்கோழியின் முட்டை கருவுற்றதாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், இன்குபேட்டரில் 21 நாள் தாக்குப்பிடித்துக் குஞ்சாக வெளியே வர வேண்டும். முட்டைக் கணக்கோடு இங்கே கதை முடிவதில்லை. இறக்கின ஒவ்வொரு கோழிக்கும் எத்தனை குஞ்சு என்பதே கடைசிக் கணக்கு. அந்தக் கணக்கில் தீனிக்கும் மருந்துக்கும் இருக்கிற பங்கு வீட்டுக்கும் இருக்கிறது.

நான் பார்த்த ஷெட் கிழக்கு மேற்காக நீண்டிருந்தது. வெயில் உள்ளே விழாமலிருக்க அந்தத் திசை. தரையில் நெல் உமியைக் கனமாகப் பரப்பியிருந்தார்கள். ஆழ்கூளம் என்று கால்நடைத் துறையினர் சொல்வது இதைத்தான். பத்துக் கோழிக்கு ஒரு சேவல் என்ற விகிதத்தில் எல்லாம் ஒன்றாகத் திரிந்தன. சுவரோரம் வரிசையாகக் கூட்டுப் பெட்டிகள்.

இந்தப் பெட்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு முட்டை கோழியின் வயிற்றில் உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓட்டுக்கே போய்விடும். முட்டையிடும் நேரம் நெருங்கினால் கோழிக்கு இருப்புக் கொள்ளாது. இருட்டாக, ஒதுக்கமாக ஓர் இடம் தேடி அலையும். நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி இருந்தால் அதில் போய் உட்காரும். பெட்டி போதவில்லை என்றாலோ, முதல் முட்டைக்கு முன்பே பெட்டியைப் பழக்கவில்லை என்றாலோ, ஷெட்டின் ஒரு மூலையில் உமியைக் கிளறி அங்கேயே இட்டுவிடும். ஒரு கோழி இட்ட மூலையில் இன்னொன்றும் இடும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

தரை முட்டையால் என்ன நஷ்டம்? முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. வயிற்றுச் சூட்டோடு வெளியே வந்த முட்டை ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கும். ஓட்டின் மேல் ஒட்டிய அழுக்கும் கிருமியும் துளை வழியே உள்ளே இழுபடும். குஞ்சு வளர்வதற்காக இன்குபேட்டரில் வைக்கும் 37.5 டிகிரி சூடு கிருமிக்கும் இதமானது. அழுகின முட்டை தட்டிலேயே வெடித்து, சுற்றியிருக்கும் நல்ல முட்டைகளையும் கெடுத்துவிடும். அன்றைய ரிஜிஸ்டரில் அதுவும் ஒரு முட்டை. குஞ்சுக் கணக்கில் அது கழித்தல்.

உமி ஈரமானால் இன்னொரு தொல்லை. எச்சம் புளித்து அம்மோனியா கிளம்பும்; கோழிக்குக் கண் எரியும், மூச்சுக்குழாய் புண்ணாகும், பாதம் வெந்துபோகும். பாதம் புண்ணான சேவல் கோழி மேல் ஏறாது. ஏறாத சேவல் எத்தனை இருந்தால் என்ன? முட்டை வரும், கரு இருக்காது. இதற்காகச் சில பண்ணைகளில் பாதித் தரைக்குச் சட்டம் அடித்து உயர்த்தி, எச்சம் கீழே விழும்படி செய்கிறார்கள். தீனியும் தண்ணீரும் கூட்டுப் பெட்டியும் சட்டத்தின் மேல். சேவலும் கோழியும் சேருவது உமித் தரையில். ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி.

மேலே வரிசையாக பல்புகள். முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் கண் வழியாக மட்டுமின்றி மண்டையோட்டை ஊடுருவியும் மூளைக்குள் போய், முட்டையிடும் சுரப்பிகளைத் தட்டி எழுப்புகிறது. பகல் போக மீதியை பல்பு கொடுக்கிறது. தங்கவயல்காரனுக்கு இதைக் கேட்கும்போது வேறொன்று ஞாபகம் வரும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்கள் ஊருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905இல்தான் வந்தது. ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. உற்பத்திக்கு வேண்டிய வெளிச்சம் எப்போதும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

இதெல்லாம் வேண்டாம், கூண்டே வசதி என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. கம்பிக் கூண்டில் முட்டை இட்டதும் உருண்டு முன்னால் வந்துவிடும். அழுக்கு இல்லை, தரை முட்டை இல்லை, கோழிக்கும் எச்சத்துக்கும் தொடர்பில்லாததால் குடற்புழுவும் ரத்தக் கழிச்சலும் குறைவு. எந்தக் கோழி இடுகிறது, எது சும்மா தின்கிறது என்று தனித்தனியாகப் பார்த்துவிடலாம். நாமக்கல்லில் முட்டைத் தொழில் வளர்ந்தது கூண்டை நம்பித்தான்.

தாய்க்கோழியைக் கூண்டில் வைத்தால் சேவலுக்கு இடமில்லை. சேவலைத் தனிக் கூண்டில் வைத்து, விந்தெடுத்து, ஒவ்வொரு கோழிக்கும் கையால் செலுத்துகிறார்கள். கோழியின் கருப்பாதையில் விந்தைச் சேமித்து வைக்கும் நுண்ணிய அறைகள் உள்ளன. அதனால் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை செலுத்தினால் போதும். சேவல் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். ஆனால் ஆயிரக்கணக்கான கோழிகளைத் தவறாமல் அந்த முறையில் கவனிக்கப் பழகின கை வேண்டும். கை அசுத்தமானால், ஒரு சுற்றுத் தவறினால், குஞ்சுக் கணக்கில் உடனே தெரிந்துவிடும்.

கோழி தரப்பிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. நம் ஊர்க் கூண்டுகளில் ஒரு முட்டைக் கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 60 முதல் 70 சதுர அங்குலம். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையின் ஒரு பக்கத்தைவிடக் குறைவு. அதில் இறக்கை விரிக்க முடியாது, மண்ணில் புரள முடியாது. முட்டையிடும் நேரத்தில் அந்த இருட்டு மூலையைத் தேடும் தவிப்பு மட்டும் போவதில்லை. தேட இடமில்லாமல் கம்பியோரம் முன்னும் பின்னும் நடக்கும். உடல் அசைவில்லாமல், இருக்கிற சுண்ணாம்புச் சத்தையெல்லாம் ஓட்டுக்கே கொடுத்து எலும்பு நொறுங்கும் கோழிகளும் உண்டு.

கூண்டில் அடைக்கும் விலங்குக்கு நியாயமான அளவில் அசைய இடம் இருக்க வேண்டும் என்று நம் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு 1960 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோழிக்கு அது பொருந்துமா என்று நாம் கேட்டுக்கொள்ளவே அரை நூற்றாண்டு ஆயிற்று. 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையை முட்டைக் கோழிகளையும் கறிக்கோழிகளையும் வைத்திருக்கும் விதம் பற்றியே எழுதி, விதிகள் வகுக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டை 2012 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

அப்படியானால் எந்த வீடு நல்ல வீடு? தம்பியிடம் கேட்டேன். "எந்த வீடுன்னு கேக்காதீங்க சார், யார் பாத்துக்கிறாங்கன்னு கேளுங்க" என்றான். திறந்த ஷெட்டில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திச் சாகும், நோய் பரவும், எனவே சாவு அதிகம் என்பது கூண்டுக்காரர்களின் பழைய வாதம். கவனமில்லாத ஷெட்டில் அது உண்மையும்கூட. ஆனால் 16 நாடுகளின் பண்ணைகளை ஒப்பிட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு, கூண்டில்லாமல் வளர்க்கும் அனுபவம் கூடக் கூட அந்தச் சாவு குறைந்துகொண்டே வருகிறது என்று காட்டியது. வளர்ப்பவனுக்குப் பழக வேண்டியிருந்ததற்குக் கோழி மேல் பழி போட்டிருக்கிறார்கள்.

இறக்கின கணக்கு இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. செத்ததை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, இருப்பதை மட்டும் எண்ணினால் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

அன்று மாலை அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா திண்ணையில் இருந்தார். 20 வருஷத்துக்கு மேல் கீழே வேலை செய்தவர். பண்ணைக் கதையைச் சொன்னேன். கூண்டு என்றதும், "எங்களையும் கேஜிலதான் இறக்குவாங்க" என்றார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் லிஃப்டுக்குப் பெயர் கேஜ். இத்தனை நாள் எனக்கு இது உறைக்கவில்லை. பண்ணைக்காரர் சொல்லும் 'இறக்குவது' நான் சிறு வயது முழுக்கக் கேட்டு வளர்ந்த சொல்.

இரண்டு கணக்கையும் மாமாவுக்குச் சொன்னேன். 850, 1,000 எல்லாம் சொல்லி விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "எங்களுக்கு எந்தக் கணக்கு போட்டாங்க?"

மனிதரைக் கோழியோடு ஒப்பிடுவதாக யாரும் கோபப்பட வேண்டாம். ஒப்பிடுவது இரண்டு ரிஜிஸ்டர்களை மட்டுமே. 1880களில் தொடங்கி 2001 வரை தங்கவயலில் எடுத்த தங்கம் 800 டன் என்பார்கள். எந்த ஆண்டு எவ்வளவு, ஒரு டன் பாறைக்கு எத்தனை கிராம் என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது, அடியில் பாறைச் சூடு 60 டிகிரிக்கும் மேல் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, மூங்கில் தட்டிச் சுவர் வைத்த லைன் குடிசைகளில் குடியேறி, கேஜில் இறங்கியவர்கள் அதை எடுத்தார்கள். 1940களில் இங்கே சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்தபோது 10 பேரில் 4 பேருக்கு மேல் நுரையீரலில் கல்தூசி நோய் இருந்தது. பரிசோதனைக்கு வர உயிரோடு இருந்தவர்களின் கணக்கு அது. அதற்கு முன்பே இருமி இருமி ஊருக்குத் திரும்பிப்போனவர்கள் அதில் இல்லை. அவர்களை அந்த வருஷத்து ஆள் கணக்கிலும் காண முடியாது. அவர்கள் இடத்தில் வேறு ஆள் இறங்கியிருப்பார்.

மாமாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் இருந்தது அவருக்குத் தெரிந்ததுதான்.

பொழுது சாய்ந்தது. அத்தை கூடையைக் கவிழ்த்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டிருந்தாள். எல்லாம் நாட்டுக்கோழி. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் வீட்டுப் புழக்கடைக்காக உருவாக்கிய கிரிராஜாக் கோழியை அத்தையும் ஒரு தடவை வாங்கி வளர்த்தாள். நன்றாக வளர்ந்தது, முட்டையும் நாட்டுக்கோழியைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் அதன் முட்டையைப் பொரிக்க வைத்தால் அதே தரத்தில் குஞ்சு வராது. திரும்பவும் பண்ணையில் வளரும் அதன் தாய்க்கோழியின் குஞ்சைத்தான் வாங்க வேண்டும். "நம்ம வீட்டுல பொறந்து நம்ம வீட்டுல பொரிக்காத கோழி எதுக்கு?" என்று விட்டுவிட்டாள். லைன் வீட்டுப் புழக்கடையில் மேய்கிற கோழிக்குக்கூட அம்மா எங்கோ ஒரு ஷெட்டில் இருக்கிறாள் என்பது நமக்கு ஞாபகம் வருவதில்லை. அந்த ஷெட் எப்படி இருக்கிறது என்பதும் நம் முட்டை விஷயம்தான்.

"எத்தனை குஞ்சு அத்தை?" என்றேன்.

ஆறு குஞ்சுகள் என் கண்ணுக்கே தெரிந்தன. ஆறு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அத்தை அப்படிச் சொல்லவில்லை. "பன்னெண்டு வெச்சேன் கண்ணு. மூணு கூமுட்டை. ஒம்போது பொரிச்சுது. ரெண்டு காக்கா தூக்கினு போச்சு. ஒண்ணு பூனை. ஆறு நிக்குது."

வைத்ததிலிருந்து தொடங்கி, போனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில்தான் இருப்பதற்கு வந்தாள். கோழி வளர்க்கிற எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் இப்படித்தான் சொல்வாள் என்று தோன்றுகிறது. எந்த முட்டை யாரால் போயிற்று என்று தெரிந்தால்தானே நாளைக்குக் கூடையை எங்கே வைப்பது என்று தெரியும்.

கையேட்டில் 'இறக்கிய கணக்கு' என்றே எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் பேச்சுவழக்காக இருக்கிறதே, மாற்ற முடியுமா என்று கேட்டார்கள். வேறு சொல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.